கெல்ப் காட்டுக்குப் போகும் தலவாக்கலைத் தம்பிக்கு

தலவாக்கலையைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நிலாவெளியில் இரண்டு பருவங்களாகச் சுழியோடப் பழகி, இதுவரை 24 முறை கடலுக்குள் இறங்கியிருக்கிறார். டிசம்பர் கடைசியில் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இருக்கும் தாய்மாமன் வீட்டுக்குப் போகிறார். அங்கிருந்து ஒரு சனி, ஞாயிறு கடலோர ஊரான மொன்டரேக்குச் சென்று, கெல்ப் என்னும் உயரமான கடற்பாசி வளர்ந்து நிற்கும் கடலடிக் காட்டுக்குள் சுழியோட ஆசை. "நுவரெலியாக் குளிரில் வளர்ந்தவனுக்கு அந்தத் தண்ணீர் ஒரு பொருட்டா? போவதற்கு முன் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் பழகிக்கொள்ளலாமா? இரண்டு நாள் போதுமா? அம்மா பயப்படுகிறார், அவருக்கு என்ன சொல்வது?" என்பவை அவருடைய கேள்விகள்.

நான் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தேன். நிலாவெளியில் சுழியோடக் கற்று, அங்கேயே சில காலம் கற்பித்தும் இருக்கிறேன். பிறகு மொன்டரேயில் நான்கு குளிர்காலங்களைக் கழித்துவிட்டு இப்போது ஹட்டனில் இருக்கிறேன். ஆகவே உங்கள் கேள்விகள் நான்கும் ஒரு காலத்தில் என்னுடையவையாகவும் இருந்தவை, தம்பி. கட்டாயம் போங்கள். குளிர் பெரிய விடயம்தான். காசல்ரீயில் இறங்கவே வேண்டாம். இரண்டு நாளில் மூன்று முறை இறங்கலாம், அது போதும். அம்மாவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நாம் அறிந்த குளிர் காற்றின் குளிர். ஜனவரியில் நுவரெலியாப் புல்வெளிகளில் துகள் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் காலையிலும், கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டால் குளிர் வாசலிலேயே நின்றுவிடும். தண்ணீர் அப்படி நிற்காது. காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக அது உடம்பின் சூட்டை உறிஞ்சும். நிலாவெளியில் நீங்கள் பழகிய கடல் 28 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். மொன்டரேக் கடல் பெரும்பாலும் 10 முதல் 14 பாகைக்குள்தான்.

நம் ஊரில் அதற்கு நெருக்கமாக இருப்பது, மலையூற்றிலிருந்து வந்து விழும் பீலித் தண்ணீர். தை மாதத்து விடியலில் பீலிக்கு அடியில் தலையைக் கொடுத்த முதல் நொடியை நினைத்துப் பாருங்கள். வாய் தானாகத் திறக்கிறது, மூச்சு படக்கென்று உள்ளே இழுபடுகிறது, பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு சொல்கூடச் சொல்ல முடிவதில்லை. தைரியசாலிக்கும் இதுதான் நடக்கும், ஏனென்றால் அது தோலில் பட்ட குளிருக்கு உடம்பு தருகிற பதில். ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். பீலியடியில் அந்த நிமிடங்களைக் கூச்சலிட்டுக் கழித்துவிடலாம். கடலில் கழிக்க வேண்டிய முறை வேறு: இறங்கியதும் ஆழத்துக்குப் போகாமல், மிதப்புக்காக அணியும் சட்டையில் காற்றை நிரப்பி மிதந்துகொண்டு, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரைக் கடித்தபடி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, வெளிமூச்சை நீளமாக விட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். மூச்சு உங்கள் கைக்குத் திரும்பிய பிறகுதான் கீழே.

இதைப் பழக மொன்டரே போக வேண்டியதில்லை. இப்போதிருந்தே பீலியில் பழகலாம். காலையில் போய், தண்ணீர் தலையில் விழும்போது வெளிமூச்சை எட்டு எண்ணும்வரை நீட்டுங்கள். முதல் வாரம் மூன்றைத் தாண்டாது. பிறகு வரும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நான்கு குளிர்காலங்களில் நான் பார்த்த தொல்லைகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அடியில் அவசரம் இருந்தது. அவசரத்துக்கு அடியில் குளிர் இருந்தது. குளிர்கிறவர் வேகமாகக் காலை அடிக்கிறார், காற்றைச் சீக்கிரம் தீர்க்கிறார், பாசிக்குள் பார்க்காமல் நுழைகிறார், விரல் மரத்த பிறகும் "இன்னும் ஐந்து நிமிடம்" என்கிறார். கெல்ப் காடு மெதுவாகப் போகிறவருக்கு மட்டுமே இடம் கொடுக்கும். நீங்கள் செய்யும் ஆயத்தம் முழுவதும் குளிர் உங்களை விரட்டாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான்.

உடையில் கஞ்சத்தனம் வேண்டாம். 7 மில்லிமீட்டர் தடிப்புள்ள ரப்பர் உடையான வெட்சூட், தலையை மூடும் கவசம், 5 மில்லிமீட்டர் கையுறை, தடித்த காலணி எல்லாம் மொன்டரேயிலேயே வாடகைக்குக் கிடைக்கும். இங்கிருந்து சுமக்க வேண்டாம். உங்கள் முகத்துக்குப் பொருந்திப் பழகிய மாஸ்க்கை மட்டும் கொண்டுபோங்கள். உடை இறுக்கமாக இருக்க வேண்டும். வெட்சூட்டுக்குள் புகும் மெல்லிய நீர்ப்படலத்தை உடம்பு சூடாக்கி வைத்துக்கொள்கிறது. தொளதொளத்த உடையில் அந்த நீர் ஓயாமல் வெளியேறி, புதிய குளிர்நீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். கழுத்தை மூச்சுமுட்ட நெரிக்கிறது என்றால் ஓர் அளவு பெரியதை எடுங்கள். முதுகில் காற்றோ நீரோ தங்கும் பை போலத் தெரிந்தால் சிறியதை எடுங்கள். நீரே உள்ளே புகாத டிரைசூட் வாடகைக்கு இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதற்கென்று தனிப்பயிற்சி வேண்டும். முதல் வார இறுதிக்கு அது வேண்டாம்.

தடித்த உடையோடு சேர்ந்து வரும் சிக்கலை நிலாவெளியில் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வெட்சூட்டின் நியோப்ரீன் நுண்குமிழிகள் நிறைந்த ரப்பர். மேற்பரப்பில் அது மரக்கட்டைபோல மிதக்கும். அதை அமிழ்த்த ஈயம் வேண்டும். நிலாவெளியில் நான்கு கிலோவோடு இறங்கியவருக்கு இங்கே பத்துப் பன்னிரண்டு கிலோகூடத் தேவைப்படலாம். ஆனால் பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகிறது. குமிழிகள் சுருங்கி, உடை மெலிந்து, மிதப்பும் குறைகிறது, கதகதப்பும் குறைகிறது. ஈயம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை ஈடுகட்டச் சட்டைக்குள் காற்றை ஏற்றுவீர்கள். திரும்பி மேலே வரும்போது சட்டைக்குள் இருக்கும் காற்றும் உடைக்குள் இருக்கும் குமிழிகளும் ஒன்றாக விரியும். மெல்லிய உடையில் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் கட்டுப்பாட்டை இழந்து கார்க்கைப்போல மேலே தூக்கி எறியப்படுகிறார்கள். மேலே வரத் தொடங்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை வெளியேற்றுங்கள். உடம்பு தூக்கப்படுவதை உணர்ந்த பிறகு செய்தால் காலம் கடந்திருக்கும்.

எடைச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். சிலிண்டர் ஏறக்குறையக் காலியாக இருக்கும் நிலையில், சட்டையில் காற்றே இல்லாமல், சாதாரண மூச்சோடு மிதந்தால் நீர்மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும். நிரம்பிய சிலிண்டரோடு சோதித்தால் இரண்டு கிலோ கூட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் சிலிண்டருக்குள் இருக்கும் காற்றுக்கும் எடை உண்டு.

இன்னொரு வீட்டுப் பயிற்சி. தடித்த வேலைக் கையுறை ஒரு சோடி வாங்கி மாட்டிக்கொண்டு, பையின் கொக்கியைப் பூட்டித் திறந்து பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள். எளிய வேலைதான், ஆனால் 12 பாகைத் தண்ணீரில் அரைமணி நேரம் இருந்த விரல்கள் உங்களுடையவை போலவே இருக்காது. ஈயப்பட்டியின் பூட்டையும் காற்றை வெளியேற்றும் பொத்தானையும் கை தானாகத் தேடிப்போக வேண்டும்.

இனிக் காட்டைப் பற்றி. கெல்ப் மரமும் அல்ல, செடியும் அல்ல. அது பழுப்புநிறக் கடற்பாசி இனம். மொன்டரேயில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது இராட்சதக் கெல்ப். அதற்கு வேர் கிடையாது. அடியில் கயிற்றுக் குவியல்போல ஒரு பிடிப்பு பாறையைக் கவ்விக்கொண்டிருக்கும். உணவை இலைகளே தண்ணீரிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்கின்றன, பிடிப்பின் வேலை பற்றிக்கொள்வது மட்டுந்தான். அங்கிருந்து தண்டுகள் 30 மீட்டர்வரை, சில இடங்களில் அதற்கும் மேலே எழும்பும். ஒவ்வோர் இலையின் அடியிலும் வாயு நிரம்பிய சிறு குமிழ் ஒன்று அதை வெளிச்சத்தை நோக்கித் தூக்கிப் பிடித்திருக்கும். எல்லாம் கூடிவரும் நாட்களில் ஒரு நாளைக்கு அரை மீட்டருக்கும் மேல் வளரும். மூங்கில் வளர்வதைப் பார்த்த நமக்கே அது வியப்பு. குளிர்ந்த, உரம் மிகுந்த தண்ணீர் அதற்கு வேண்டும். நம் கடலில் அது வளராததற்குக் காரணம் இதுதான்.

1834இல் தென் அமெரிக்காவின் தென்முனையில் சார்ள்ஸ் டார்வின் இதே இனத்தைப் பார்த்தார். எந்த நாட்டிலும் ஒரு காடு அழிந்தால் மடியும் உயிரினங்களைவிட இந்தக் கெல்ப் அழிந்தால் மடிபவை அதிகமாக இருக்கும் என்று எழுதிவைத்தார். ஹோர்ட்டன் சமவெளியில் பாசி தொங்கும் பழைய மரங்களுக்கு அடியில் நடந்தவர்களுக்கு அந்த ஒப்பீடு உடனே பிடிபடும். வெளிச்சம் அதேபோலத்தான், மேலிருந்து சரிந்து துண்டு துண்டாக விழும். வேறுபாடு, இங்கே காடு முழுவதும் ஒரே மூச்சில் ஆடும். அலை உள்ளே வரும்போது ஒவ்வொரு தண்டும் கரைப்பக்கம் சாயும், பின்வாங்கும்போது கடல்பக்கம் சாயும். நீங்களும் சாய்வீர்கள். அந்த இழுவையோடு மல்லுக்கட்டாதீர்கள். முன்னே தள்ளும்போது நீந்துங்கள், பின்னே இழுக்கும்போது சும்மா இருங்கள். ஐந்து நிமிடத்தில் உடம்புக்குப் புரிந்துவிடும்.

குளிர்காலத்தில் போவது உங்களுக்கு நல்லது என்றே நினைக்கிறேன். கோடையில் மேற்பரப்பில் கெல்ப் பாய் விரித்ததுபோல அடர்ந்து கிடக்கும். குளிர்காலப் புயல்கள் அந்தப் பாயைக் கிழித்துக் கரையில் குவித்துவிடுவதால் கூரை மெலிந்து வெளிச்சம் உள்ளே இறங்குகிறது, மேலே வருவதற்கும் வழி கிடைக்கிறது. இளவேனிலில் ஆழத்துநீர் மேலெழும்பி நுண்ணுயிர்கள் பெருகும்போது தண்ணீர் பச்சையாகக் கலங்கும். அந்தக் கலங்கலும் டிசம்பரில் குறைவு. இரண்டு புயல்களுக்கு இடையில் கடல் அடங்கிய நாள் வாய்த்தால் பத்து மீட்டருக்கு மேலும் தெளிவாகத் தெரியும். நிலாவெளியில் இருபது மீட்டர் பார்த்த கண்ணுக்கு அது குறைவாகத் தோன்றும். காட்டுக்குள் அதுவே தாராளம்.

சிக்கிக்கொள்வோமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். அதற்கு விடை நம் தோட்டத்திலேயே இருக்கிறது. கொழுந்து எடுக்கும் பெண்கள் நிரைக்குள் எப்படிப் போகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். தேயிலைக் கிளை இரண்டு பக்கமும் கையைக் கீறும் இடத்தில், உடம்பை ஒடுக்கி, இடைவெளி எங்கே இருக்கிறதோ அங்கே காலை வைத்து, இடுப்பில் கட்டிய படங்கு எதிலாவது மாட்டினால் இழுக்காமல் ஓரடி பின்னே வந்து விடுவித்துக்கொண்டு போவார்கள். என் அம்மா முப்பது ஆண்டுகள் அப்படித்தான் நடந்தார். கெல்ப்புக்குள் நான் நீந்துவதும் அவருடைய நடைதான். தொங்கும் குழாய்களைச் சட்டையோடு சேர்த்துச் செருகுங்கள். காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னின் வார் நுனியை உள்பக்கம் மடித்து ஒட்டுங்கள். தண்டுகளுக்கு இடையில் இருக்கும் வாய்க்கால்கள் வழியாகவே போங்கள். ஏதாவது பிடித்து இழுத்தால் நின்றுவிடுங்கள். என்ன பிடித்தது என்று பார்க்கச் சுழன்று திரும்புவதுதான் பெரிய தவறு, ஏனென்றால் ஒரு தண்டு பிடித்திருந்த இடத்தில் மூன்றாகச் சுற்றிக்கொள்ளும். கொஞ்சம் பின்னே வாருங்கள், பெரும்பாலும் தானே கழன்றுவிடும். கழலாவிட்டால் உங்களோடு வரும் துணைச் சுழியோடி எடுத்துவிடுவார். சிலிண்டரின் தலைப்பக்கம் உங்கள் கைக்கு எட்டாது, அவருக்கு எட்டும். அதற்காகவே அவர் இரண்டு கை தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

கட்டாயம் அறுக்க வேண்டி வந்தால் இழுக்காதீர்கள். கெல்ப் தண்டு இழுவைக்கு இறப்பர்போல ஈடுகொடுக்கும். போஞ்சிக்காயை ஒடிப்பதுபோல மடித்து ஒடித்தால் சட்டென்று முறியும். ஆனால் உயிருள்ள ஒன்றை முறிக்கிறோம் என்ற எண்ணம் இருக்கட்டும். தேவையில்லாமல் ஓர் இலையையும் கிள்ளாதீர்கள்.

காற்றை மூன்று பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைப்பதற்கு. கடைசிப் பங்கு எதற்கென்றால், காட்டின் நடுவில் மேலே வந்துவிட்டீர்கள் என்றால் மிதக்கும் பாயின்மேல் தவழ்ந்து கரைக்கு வருவது களைப்பான வேலை. காலை அடித்தால் சிக்கும். கைகளை நீட்டிப் பாயை உடம்புக்கு அடியில் அழுத்தி அழுத்தி ஊர்ந்து வர வேண்டும். காற்று மிச்சமிருந்தால் மறுபடி மூன்று மீட்டர் இறங்கி, பாய்க்கு அடியில் சுகமாக நீந்தி வந்துவிடலாம். மேலே வரும்போது அண்ணாந்து பாருங்கள், ஒரு கை தலைக்கு மேலே இருக்கட்டும், வெளிச்சம் வட்டமாகத் தெரியும் இடைவெளியைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

இடம் எது? சனிக்கிழமைக்கு சான் கார்லோஸ் கடற்கரை. அங்கே துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் இருக்கிறது. குளிர்காலப் பேரலைகள் வடமேற்கிலிருந்து வரும். அந்த மூலை குடாவின் தென்கோடியில் ஒதுங்கி இருப்பதால் மற்ற இடங்கள் கொந்தளிக்கும்போதும் அங்கே பெரும்பாலும் இறங்கலாம். மணற்கரை, மெல்லச் சரியும் அடி, பத்து மீட்டருக்குள்ளேயே கெல்ப், சுவரில் குரைத்துக்கொண்டிருக்கும் கடற்சிங்கங்கள். பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு, கடல் அனுமதித்தால், காமெல் ஊருக்குத் தெற்கே உள்ள பொயின்ட் லோபோஸ் காப்பகம். அங்கே சுழியோட முன்பதிவு வேண்டும், சான்றிதழைக் காட்ட வேண்டும், துணையோடுதான் இறங்க வேண்டும், குழுக்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஆகவே இப்போதே பதிந்துவைக்கப் பாருங்கள். அங்குள்ள கடலடி 1960 முதல் பாதுகாக்கப்பட்டது. மீன்கள் மனிதரைக் கண்டு ஓடாது, நின்று பார்க்கும்.

பொயின்ட் லோபோஸுக்குப் பக்கத்திலேயே மொனாஸ்டரி என்று ஒரு கடற்கரை இருக்கிறது. பார்க்க மிக அழகு. கரை செங்குத்தாக இறங்கும், பருமணல் காலுக்கடியில் உருளும், அலை நேரே கரையில் வந்து உடையும். அனுபவமுள்ள சுழியோடிகள் பலர் அங்கே உயிரிழந்திருக்கிறார்கள். யார் அழைத்தாலும் அங்கே இறங்காதீர்கள்.

அலை பெரிதாக இருந்தால் எந்தக் கரையிலும் இறங்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் மைல் கடந்து வந்தேனே என்ற எண்ணம் கரையில் நிற்கும்போது பலமாக வரும். நான் ஒருமுறை விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து போய், இருபது நிமிடம் அலையை எண்ணிக்கொண்டு நின்றுவிட்டு, உடையைப் பிரிக்காமலே திரும்பியிருக்கிறேன். அன்று மீன்காட்சியகத்துக்குப் போனேன். 1984இல் திறக்கப்பட்ட மொன்டரே மீன்காட்சியகத்தில் எட்டரை மீட்டர் உயரத் தொட்டி ஒன்றில் உயிருள்ள கெல்ப் காடே வளர்கிறது, அலைக்கு ஓர் இயந்திரமும் உண்டு. நீங்கள் வெள்ளிக்கிழமையே அங்கே போய் அரைமணி நேரம் நில்லுங்கள். மீன்கள் அலையின் இழுவையில் எப்படித் தங்களை விட்டுக்கொடுக்கின்றன என்று பாருங்கள். மறுநாள் உங்களுக்கு அதுதான் பாடம்.

உள்ளே எதைப் பார்ப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தலையைத் தூக்கி கூரையைப் பார்ப்பதோடு பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். ஒரு பிடிப்பின் பக்கத்தில் மணலில் முழங்காலூன்றாமல் மிதந்தபடி ஐந்து நிமிடம் அதையே பாருங்கள். அதன் இடுக்குகளில் நண்டு, உடுமீன் என்னும் நட்சத்திரமீன், புழு, நத்தை என்று ஓர் ஊரே இருக்கும். பாறைச் சுவர்களில் ரோஜாநிறக் கடற்சாமந்திகள் விரல்நக அளவில் ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்கும். ஓடில்லாத வண்ண நத்தைகள் ஆரஞ்சிலும் மஞ்சளிலும் தெரியும். கையில் விளக்கு இருந்தால்தான் அந்த நிறங்கள் உயிர்பெறும், பகலிலும் எடுத்துச் செல்லுங்கள். பாறைமீன்கள் தண்டுகளுக்கு நடுவே அசையாமல் தொங்கும். ஃபின்னை யாரோ பின்னாலிருந்து கடித்து இழுப்பதுபோல இருந்தால் பதறாதீர்கள், விளையாட வந்த சீல் அது.

மேற்பரப்பில் ஒரு கடல் நீர்நாய் கெல்ப்பை உடம்பில் சுற்றிக்கொண்டு மல்லாந்து உறங்குவதைக் கண்டால் தள்ளி நில்லுங்கள். இந்தக் காடு இன்னும் இருப்பதில் அதற்குப் பங்கு உண்டு. தோலுக்காக வேட்டையாடி அந்த இனத்தைக் கலிபோர்னியாவில் ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். பிக் சர் கரையோரம் ஐம்பது போல மிஞ்சியிருந்தவற்றின் வழிவந்தவைதான் இன்றுள்ள ஏறத்தாழ மூவாயிரமும். அவை உருண்டையான முள்ளுடம்பு கொண்ட கடல் முள்ளெலிகளைத் தின்கின்றன. முள்ளெலி கெல்ப்பின் அடியைத் தின்கிறது. 2013இல் உடுமீன்களுக்கு ஒரு கொள்ளைநோய் வந்து, முள்ளெலியைத் தின்னும் பெரிய சூரியகாந்தி உடுமீன் மடிந்துபோனது. அடுத்த ஆண்டுகளில் கடலும் வழக்கத்துக்கு மாறாகச் சூடானது. வடகலிபோர்னியாவில் காளைக் கெல்ப் என்னும் இன்னோர் இனத்தின் காடுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் இல்லாமல் போயின. மொன்டரேயிலும் மொட்டைப் பாறைமேல் ஊதா முள்ளெலிகள் மட்டும் கம்பளமாகக் கிடக்கும் இடங்களைப் பார்ப்பீர்கள். நீர்நாய்கள் நல்ல தீனியுள்ள முள்ளெலிகளை எஞ்சிய காடுகளுக்குள் தேடித் தின்பதால் அந்தத் துண்டுகள் பிழைத்து நிற்கின்றன. மொட்டையான பாறைகளில் உள்ள முள்ளெலிகள் பட்டினியால் உள்ளே வெறுமையாகிவிட்டவை, அவற்றை நீர்நாய் தொடுவதில்லை. ஹோர்ட்டன் சமவெளியில் உச்சியிலிருந்து காய்ந்து நிற்கும் மரங்களைப் பார்க்கும்போது வரும் அதே கனம் எனக்கு அந்த மொட்டைப் பாறைகளின் மேல் மிதக்கும்போது வந்தது. நீங்கள் அதையும் பாருங்கள். பச்சையை மட்டும் படமெடுத்துக்கொண்டு வராதீர்கள்.

காசல்ரீக்கு வருகிறேன். ஆசை புரிகிறது. வறட்சியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றும்போது பழைய மஸ்கெலியா நகரின் கோயில் தலைகாட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். உள்ளே போய்ப் பார்க்க எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் அவை மின்சாரத்துக்காகத் தேக்கிய தண்ணீர். நீரை உறிஞ்சும் சுரங்க வாய்கள் இருக்கின்றன, மூழ்கிய மரக்கட்டைகளும் கம்பிகளும் இருக்கின்றன, அடிச்சேறு கிளம்பினால் சொந்தக் கையே தெரியாது. அனுமதியும் வேண்டும். ஏதாவது நடந்தால் தேடி இறங்க அருகில் யாரும் இல்லை. இவற்றுக்கு மேல் ஒன்று: ஆயிரம் மீட்டருக்கு மேலான உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், நீங்கள் கடலுக்கென்று கற்ற ஆழ, நேரக் கணக்குகள் அங்கே பொருந்தாது. உயரத்தில் சுழியோடுவது தனிப் பயிற்சி. பழக வேண்டுமென்றால் தெற்கே ஹிக்கடுவை, உணவட்டுன பக்கம் நவம்பரிலிருந்து பருவம் தொடங்கிவிடும். அங்கே போய் இரண்டு நாள் மிதப்பை மட்டும் பழகுங்கள், ஒரே இடத்தில் அசையாமல் நிற்கப் பழகுங்கள். நிலாவெளி அப்போது மாரிக்காற்றில் மூடியிருக்கும்.

உயரம் என்றதும் மலையகச் சுழியோடிகள் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும். விமானத்தில் ஏறுவதற்கு முன் காத்திருக்க வேண்டும் என்று உங்களுக்குக் கற்பித்திருப்பார்கள். ஒருமுறை மட்டும் இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம். அந்த அறிவுரை ஏறத்தாழ 600 மீட்டர் முதல் 2,400 மீட்டர் வரையிலான உயரத்துக்குச் சமமான காற்றழுத்தத்தை மனதில் வைத்தது. நுவரெலியா 1,868 மீட்டர். ஹட்டன் 1,270 மீட்டர் அளவில். நமக்கு வீட்டுக்குப் போவதே விமானம் ஏறுவதுதான்! கண்டி 500 மீட்டர் அளவில்தான், அங்கே தங்கலாம். அதற்கு மேலே ஏறும் பாதை ஆபத்து.

இதை நான் உடம்பால் கற்றேன். ஓர் ஆவணி ஞாயிறு, நிலாவெளியில் இரண்டு முறை இறங்கிவிட்டு, திங்கட்கிழமை நுவரெலியாவில் இருக்க வேண்டுமென்று அன்று பிற்பகலே கிளம்பினேன். இறம்பொடை வளைவுகளில் பஸ் ஏறும்போது இடது முழங்கையில் உள்ளே துளைப்பதுபோல வலி. தூக்கிய பையால் வந்த வலி என்று எண்ணிக்கொண்டு மேலே போனேன். இரவு முழுவதும் உறங்கவில்லை. மறுநாள் இறங்கி வந்து மருத்துவரைப் பார்த்தபோதுதான், இரத்தத்தில் கரைந்திருந்த நைதரசன் குமிழிகளாகி மூட்டில் வேலை செய்திருப்பதைப் புரிந்துகொண்டேன். ஆக்சிஜன் கொடுத்தார்கள், குணமானது. பிழை முழுவதும் என்னுடையது. அன்றிலிருந்து கிழக்கிலிருந்து வரும்போது ஓர் இரவு கண்டியில் தங்காமல் மலை ஏறியதில்லை. சுழியோடிய பிறகு இப்படி வலியோ, மரப்போ, அளவுக்கு மீறிய களைப்போ வந்தால் மேலே ஏறாதீர்கள். நடந்ததைச் சொல்லி உடனே மருத்துவம் தேடுங்கள்.

மொன்டரேயிலும் இது பொருந்தும். 101ஆம் சாலை வழியாக சான் ஹோசே திரும்புவதில் சிக்கல் இல்லை. ஆனால் மாமா அன்பில் "வா, மலைமேல் வானியல் நோக்ககத்தைக் காட்டுகிறேன்" என்று அன்றிரவே ஹமில்டன் மலைக்கு அழைத்தால் மறுத்துவிடுங்கள். அது ஏறத்தாழ நம் ஹட்டன் உயரம். தவிர, உடம்பு குளிர்ந்த நிலையில் மேலே வரும்போது நைதரசன் வெளியேறுவதும் மந்தமாகும். ஆகவே குளிர்நீரில் சுழியோடிய பிறகு எல்லாக் கணக்குகளிலும் கொஞ்சம் கூட்டிவைத்துக்கொள்வது என் வழக்கம். ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு முழு நாள் விடுங்கள்.

நாட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சனி காலை ஒருமுறை, முப்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே வேண்டாம். தண்ணீருக்குள் அவ்வப்போது கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களையும் வரிசையாகத் தொட்டுப் பாருங்கள். தடுமாறினால் அல்லது நடுக்கம் தொடங்கினால் நேரம் மீதி இருந்தாலும் திரும்புங்கள். வெளியே வந்ததும் காற்று படாத இடத்தில் ஈர உடையைக் கழற்றி, கம்பளித் தொப்பியைப் போட்டு, இஞ்சி போட்ட பிளேன்டீயும் ஏதாவது சாப்பாடும். முழுதாகச் சூடேறிய பிறகு விருப்பமிருந்தால் பிற்பகல் இன்னொருமுறை. அங்கே டிசம்பரில் மாலை ஐந்து மணிக்குச் சூரியன் மறைந்துவிடும், அதனால் மூன்றுக்குள் தண்ணீரை விட்டு வெளியேறிவிடுங்கள். ஞாயிறு ஒருமுறை மட்டும். ஒரு பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோய், இறங்குவதற்கு முன் கையுறைக்குள்ளும் கழுத்து வழியாக உடைக்குள்ளும் மிதமான சூட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். முதல் குளிர்நீர் புகுவதற்கு முன் இடம் நிரம்பியிருக்கும்.

அந்தக் கடலை அறிந்த வழிகாட்டி ஒருவரை முதல் நாளுக்காவது அமர்த்துங்கள். செலவுதான். வேறெதையாவது குறைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா. என் அம்மா கடலை முதன்முதலில் பார்த்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. நான் அதற்குள் இறங்குகிறேன் என்று தெரிந்த நாளில் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார். "பயமில்லை அம்மா" என்று சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை. பயப்படுவதற்கு அங்கே விடயம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பிறகு ஒருநாள் உடையையும் சிலிண்டரையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றும் எதற்கு என்று காட்டினேன். ரெகுலேட்டரை அவர் வாயில் வைத்து மூச்சு விடச் சொன்னேன். எத்தனை மணிக்கு இறங்குவேன், யார் கூட இருப்பார், எத்தனை மணிக்குப் பேசுவேன் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாள்தான் அவருக்கு உதவியது. நீங்களும் எழுதிக் கொடுங்கள். கலிபோர்னியாவைவிட நம் நேரம் பதின்மூன்றரை மணி முன்னால். நீங்கள் சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குக் கரையேறினால் தலவாக்கலையில் ஞாயிறு அதிகாலை ஒன்றரை, அம்மா விழித்துத்தான் இருப்பார், ஒரு நிமிடம் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்து உடை காயப் போட்டுவிட்டு, மாலை ஐந்து மணிக்கு ஆறுதலாகப் பேசுங்கள். இங்கே திங்கள் காலை ஆறரை, தோட்டத்தில் வேலை பிரித்துக்கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குக் கிளம்புவதற்கு முன் கேட்டுவிட்டுப் போவார்.